பினாங்கு வீட்டுக்கு ரேடான் சோதனை: யாருக்கு எது, யாருக்கு வேண்டவே வேண்டாம்

கனடாவிலோ அமெரிக்காவிலோ வீடு வாங்கிய சொந்தக்காரர் இருந்தால், இந்தப் பேச்சு ஒருநாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தே தீரும். "வீடு வாங்குறதுக்கு முன்னாடி ரேடான் பார்த்தோம், நீங்க பார்த்தீங்களா?" பினாங்கில் அதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் "அது குளிர்நாட்டுக்காரங்க கவலை" என்று தள்ளிவிடுவார்கள். மீதிப் பேர் ஷோப்பி இணையக் கடையைத் திறந்து, இருப்பதிலேயே விலை குறைந்த கருவியைத் தேட ஆரம்பிப்பார்கள். இரண்டுமே அவசர முடிவுதான். எந்தக் கருவி என்ற கேள்வி அப்புறம் வரட்டும். எந்த வீட்டில், எந்த அறையைச் சோதிப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அது தெளிந்தால் பாதிக் குடும்பங்களுக்குக் காசே செலவாகாது.

ரேடான் நிறமும் மணமும் இல்லாத வாயு. மண்ணிலும் பாறையிலும் இருக்கும் யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது, ரேடியம் சிதைந்து ரேடானாகிறது. வாயு என்பதால் மண் இடுக்குகளில் ஊர்ந்து மேலே வந்து, தரை வெடிப்பு, குழாய் ஏறும் ஓட்டை, சுவரும் தரையும் சேரும் மூலை என்று கிடைத்த வழியில் வீட்டுக்குள் புகுந்துவிடும். அதன் அரை ஆயுள் 3.8 நாள். சிதையும்போது பொலோனியம் போன்ற திடப்பொருள்கள் உண்டாகித் தூசியில் ஒட்டிக்கொள்கின்றன. அந்தத் தூசியை மூச்சில் இழுத்தால் நுரையீரலின் உட்சுவரில் படிந்து, அங்கேயே ஆல்ஃபா கதிரை வீசுகின்றன. 1988லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்திவிட்டது.

வீட்டு ரேடான் உலகத்தின் கண்ணில் பெரிதாகப் பட்டது 1984 டிசம்பரில். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர், அணுமின் நிலையத்தில் வேலைக்கு நுழையும்போதே கதிர்வீச்சு எச்சரிக்கை மணியை அடிக்க வைத்தார். அந்த நிலையம் அப்போது இயங்கவே தொடங்கவில்லை. தேடிப் போனால், வினை அவர் வீட்டிலேயே இருந்தது: ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 1 லட்சம் பெக்கரல். ஒரு நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். திறந்த வெளிக் காற்றில் இந்த அளவு வழக்கமாக 5 முதல் 15 வரைதான். உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் சொன்ன வரம்பு, முடிந்தால் 100. முடியாத நாடுகளிலும் 300ஐத் தாண்டக் கூடாது. அமெரிக்கா 148இல் நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது, கனடா 200இல்.

பயத்தைச் சரியான அளவில் வைத்துக்கொள்ள இன்னும் சில எண்கள் வேண்டும். ஐரோப்பாவின் 9 நாடுகளில் நடந்த 13 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த கணக்கு 2005இல் வெளியானது. நீண்ட காலச் சராசரி 100 பெக்கரல் கூடினால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் சுமார் 16 விழுக்காடு கூடுகிறது என்றது அது. விழுக்காடு மட்டும் கேட்டால் திகில்தான். ஆள் கணக்கில் பாருங்கள். வாழ்நாளில் சிகரெட் தொடாத ஆயிரம் பேரில், ரேடானே இல்லாத வீட்டில் இருந்தால் 75 வயதுக்குள் 4 பேருக்கு இந்த நோய் வரும். 100 பெக்கரல் வீட்டில் 5 பேர், 400 பெக்கரல் வீட்டில் 7 பேர். புகைப்பவர்களுக்கு இதே வரிசை 100, 120, 160. புகைப்பவர் இருக்கும் வீட்டில் ரேடான் கருவிக்குச் செலவிடும் முன் அந்த சிகரெட்டை நிறுத்த வழி பார்ப்பதுதான் எந்தக் கணக்கிலும் லாபம். இதை நேரில் சொன்னால் மாமாக்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். இரண்டு விஷயங்கள் எதிரெதிராக இழுக்கின்றன.

மண் நமக்குச் சாதகமாக இல்லை. மலேசிய மண்ணின் இயற்கைக் கதிர்வீச்சு உலகச் சராசரியைவிடக் கூடுதல், அதற்கு முக்கியக் காரணம் கிரானைட். பினாங்குக் கொடி மலை தொடங்கி ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங், தஞ்சோங் பூங்கா வரை தீவின் மலைகள் எல்லாமே கிரானைட். கோலாலம்பூருக்குக் கிழக்கே ஓடும் தித்திவங்சா மலைத்தொடரும் அதே. பத்து மலைப் பக்கம் சுண்ணாம்புப் பாறை, அதில் யுரேனியம் பொதுவாகக் குறைவு. ஆனால் சுங்கை பெசி, பூச்சோங், சன்வே போன்ற இடங்கள் பழைய ஈயச் (வெள்ளீயம், அதாவது டின்) சுரங்க நிலங்கள். ஈயம் பிரித்த பின் மிஞ்சும் அமாங் என்ற கனமான மணலில் மோனசைட், சிர்க்கான் போன்ற கனிமங்கள் உண்டு, அவற்றில் தோரியமும் யுரேனியமும் இருக்கும். அது குவிந்து கிடந்த இடத்தின் மேல் தாமான் (குடியிருப்பு) எழுந்திருந்தால் அங்கே கேள்வி கேட்பதில் நியாயம் இருக்கிறது. தாமானின் பெயரை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரே வரிசையில் இரண்டு வீட்டுக்கு நடுவிலேயே அளவு மாறும்.

காற்று நமக்குச் சாதகம். குளிர்நாட்டில் வீட்டை மூடிச் சூடேற்றுகிறார்கள். சூடான காற்று மேலே ஏறி வெளியேற, கீழே மண்ணிலிருந்து வாயுவை வீடே உறிஞ்சி இழுக்கிறது. போதாததற்கு நிலவறை வேறு. நமக்குப் பெரும்பாலும் நிலவறையும் இல்லை, சூடேற்றுவதும் இல்லை. ஜன்னல் திறந்து, விசிறி சுற்றி, கதவுக் கம்பி வழியாகக் காற்று ஓடும் பழைய தெரஸ் வீட்டில் ரேடான் நின்று சேர நேரமே கிடைக்காது.

இந்தச் சாதகத்தைக் கெடுப்பது ஏர்கோன். சுவரில் மாட்டும் சாதாரண ஏர்கோன் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீழ்மாடிப் படுக்கையறைக்குத் தரை வழியாக மணிக்கு, கன மீட்டருக்கு 20 பெக்கரல் வந்து சேர்கிறது என்று வையுங்கள். ஜன்னல் திறந்து, மணிக்கு நான்கு முறை காற்று முழுதாக மாறினால், வெளியே இருப்பதைவிட 5 பெக்கரல்தான் கூடும். அதே அறையை அடைத்து, ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறைதான் காற்று மாறும் நிலை வந்தால், எட்டு மணி நேரத் தூக்கம் முடியும்போது அது 80ஐ நெருங்கிவிடும். மண் அதேதான், வீடும் அதேதான், மாறியது ஜன்னல் ஒன்று. புகைமூட்டம் வந்து வாரக்கணக்கில் எல்லாவற்றையும் அடைத்து வைக்கும்போதும் இதுதான் நடக்கும். அந்த நேரத்தில் ஓடவிடும் காற்றுச் சுத்திகரிப்பான் தூசியைப் பிடிக்கும், ரேடான் வாயுவைப் பிடிக்காது.

ஆகவே எந்த வீட்டுக்கு அக்கறை வேண்டும் என்பது ஓரளவு தெளிவாகிறது. ஐந்தாவது மாடிக்கு மேல் கொண்டோவில் இருப்பவர்கள் இதை மறந்துவிடலாம் என்றே சொல்வேன். மண்ணிலிருந்து வரும் வாயு அங்கே ஏறாது. பெரும்பாலான கொண்டோக்களில் கீழே நாலைந்து தளம் திறந்த கார் நிறுத்தும் இடம்தான், மண்வாயு அங்கேயே கலைந்து போய்விடும். கான்கிரீட்டிலிருந்து கொஞ்சம் வரும், அதற்காகக் கருவி வாங்குவது வீண். ரைபிள் ரேஞ்ச் போன்ற பழைய அடுக்குமாடிகளுக்கும் இதேதான், அங்கே காற்றோட்டம் இன்னும் தாராளம். சமையலறை மேடையில் பதித்த கிரானைட் பலகை பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். அதிலிருந்து வரும் அளவு பொதுவாக மிகச் சிறிது.

உண்மையில் பார்க்க வேண்டியவை தரை வீடுகள். அதிலும் மலைச் சரிவை வெட்டிக் கட்டிய வீடு, பின்சுவர் மண்ணோடு ஒட்டி நிற்கும் அறை, பாதி நிலத்துக்குள் இறங்கிய கீழ்த்தளம். வயதான அம்மா அப்பா மாடி ஏற முடியாமல் கீழே பின்னறையில் படுக்கிறார்கள், இரவெல்லாம் ஏர்கோன் ஓடுகிறது, ஜன்னல் பூட்டியே கிடக்கிறது என்றால் முதலில் சோதிக்க வேண்டிய அறை அதுதான்.

இனி வழிகள். வெளிநாட்டுத் தளங்கள் முதலில் காட்டுவது கரித்தூள் டப்பா. டப்பாவைத் திறந்து இரண்டு நாள் முதல் ஒரு வாரம் வரை அறையில் வைக்க வேண்டும். கரி ரேடானைப் பிடித்துக்கொள்ளும், மூடி ஆய்வகத்துக்கு அனுப்பினால் எண்ணிச் சொல்வார்கள். அமெரிக்காவில் விலை மலிவு, அஞ்சலும் வேகம், அங்கே அது நல்ல வழி. நமக்கு அது ஒத்துவராது என்பது என் தீர்மானமான கருத்து. கரி ஈரத்தையும் உறிஞ்சும், நம் காற்றிலோ ஈரப்பதம் சர்வசாதாரணமாக 80 விழுக்காடு. ஈரம் ஏறிய கரி ரேடானைச் சரியாகப் பிடிக்காது. அதைவிடப் பெரிய சிக்கல் அஞ்சல். பிடித்த ரேடான் 3.8 நாளில் பாதியாகும், ஒரு வாரம் கடந்தால் கால்வாசி, இரண்டு வாரத்தில் பதின்மூன்றில் ஒரு பங்குக்கு அருகில். ஆய்வகம் தேதியை வைத்துத் திருத்தம் செய்யும், ஆனால் எண்ண மிச்சம் இருந்தால்தானே? டப்பா சுங்கச் சோதனையில் உட்கார்ந்துவிட்டால் அந்தக் காசு கடலில் போட்டதுதான்.

அடுத்தது ஆல்ஃபா தடப் பதிவி. பெயர் பெரிது, பொருள் சின்னது: விரல்நுனி அளவு பிளாஸ்டிக் துண்டு, ஒரு சிறு மூடிய குப்பிக்குள். சிஆர்-39 என்ற அந்த பிளாஸ்டிக்கில் ஆல்ஃபா துகள் மோதும் இடமெல்லாம் நுண்ணிய காயம் பதிகிறது. பிறகு காரக் கரைசலில் ஊறவைத்தால் காயங்கள் குழியாகப் பெருகும், நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம். மூன்று மாதம் முதல் ஒரு வருடம் வரை அறையில் வைக்கலாம். மின்சாரம் வேண்டாம், சத்தம் கிடையாது. ஈரம் அதைப் பெரிதாகப் பாதிக்காது. பதிந்த தடம் அஞ்சலில் அழியாது என்பதால் கரிக்கு இருந்த சிக்கல் இதற்கு இல்லை. காற்றுப் புகாத உறையில் மூடி அனுப்பினால் போதும். மருத்துவ அபாயக் கணக்கெல்லாம் நீண்ட காலச் சராசரியை வைத்துத்தான், அதை நேராகத் தருவதும் இதுதான். ஆய்வாளர்களுக்கும் இது பழகிய கருவி. பினாங்கிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையினர் இதே பிளாஸ்டிக்கை வைத்துக் கட்டுமானப் பொருள்களின் ரேடானை அளந்திருக்கிறார்கள். குறை ஒன்று உண்டு. கடைசியில் கிடைப்பது ஒரே எண். அது 140 என்று வந்தால், இரவில் ஏறியதா, மழைக்காலத்தில் ஏறியதா, அந்த அறைக்கு மட்டுமா என்று எதுவும் தெரியாது. ஜன்னலைத் திறந்து வைத்தால் குறைகிறதா என்று பார்க்க மறுபடி மூன்று மாதம்.

மின்னேற்றிய தகட்டில் அளக்கும் எலெக்ட்ரெட் முறை என்று ஒன்றும் உண்டு. அதைப் படிக்கத் தனிக் கருவி வேண்டும், வீட்டுக்காரர்களுக்கு அது தேவையில்லை.

மூன்றாவது, டிஜிட்டல் கருவி. நார்வேயின் ஏர்திங்ஸ், கொரியாவின் ரேடான்ஐ (RadonEye) இரண்டும் பரவலாகத் தெரிந்தவை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அஞ்சலோடு சேர்த்துப் பல நூறு வெள்ளி (ரிங்கிட்) ஆகும். முதல் பார்வைக்கு விலை உறைக்கும். ஆனால் நம் சூழலுக்கு இதைத்தான் நான் முன்னால் வைப்பேன், காரணம் ஏர்கோன். இரவு பத்து மணிக்கு அறையை அடைக்கிறீர்கள், காலை ஏழுக்குத் திறக்கிறீர்கள். அந்த ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வைத்த வாரமும் அடைத்து வைத்த வாரமும் எப்படி வேறுபடுகின்றன என்று அதே கருவி காட்டிவிடும். அயனிப் பேழை வைத்த ரேடான்ஐ போன்றவை ஒரு மணி நேரத்திலேயே போக்கைக் காட்டத் தொடங்கும். சின்னக் குறைகடத்தி உணரியை நம்பும் கருவிகள் மெதுவானவை, ஒரு மாதம் வரை பொறுத்தால்தான் அவற்றின் எண் நிலைக்கும்.

இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள். கருவியை மாட்டிய முதல் நாளே காலை 47, மதியம் 0, மாலை 33 என்று குதிக்கும். கதிரியக்கச் சிதைவே தற்செயலாக நடப்பது. அளவு குறைவாக இருக்கும் வீட்டில் ஒரு மணி நேரத்துக்குக் கருவி எண்ணுவது விரல்விட்டு எண்ணும் துடிப்புகளைத்தான், அதனால் எண் அப்படித்தான் ஆடும். ஒரு வாரச் சராசரிக்குக் கீழே எதையும் நம்ப வேண்டாம், மாதச் சராசரி இன்னும் நல்லது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து கருவியைப் பார்த்துவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் ஆள் நீங்கள் என்றால், ஆல்ஃபா தடப் பதிவியை வாங்கி அலமாரி மேல் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். அது உங்களுக்குத்தான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று: "காற்றுத் தரம் காட்டும் கருவி" என்று விற்பவற்றில் பெரும்பாலானவை ரேடானைத் தொடுவதே இல்லை. நுண்தூசி, கரியமில வாயு, ஈரப்பதம் காட்டும், அவ்வளவுதான். விவரப் பக்கத்தில் ரேடான் என்ற பெயரும் பெக்கரல் அலகும் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஆனாலும் கரியமில வாயுக் கருவிக்கு ஒரு பயன் உண்டு, காசு போதாத வீட்டுக்கு அதையே நான் முதல் படியாகச் சொல்வேன். அது ரேடானை அளக்காது, அறையில் காற்று மாறுகிறதா என்று சொல்லும். இரண்டு பேர் தூங்கும் அடைத்த அறையில் காலையில் எண் 2000 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 2000 பங்கு) தாண்டியிருந்தால், அங்கே காற்று நின்றுவிட்டது என்று பொருள். மண்ணிலிருந்து எது வந்தாலும் அதுவும் அங்கேயே தங்கும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்தோ, கழிப்பறையின் காற்று வெளியேற்றும் விசிறியை மெதுவாக ஓடவிட்டுக் கதவுக்கு அடியில் இடைவெளி வைத்தோ எண்ணை 1000க்கு அருகில் இறக்கினால், ரேடானும் கூடவே இறங்க வாய்ப்பு அதிகம். விசிறிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: வெளிக்காற்று வர வழியே இல்லாமல் அறையை அடைத்துவிட்டு அதை ஓடவிட்டால், அது தரை வெடிப்பு வழியாக மண்வாயுவை இழுத்துவிடும்.

தோரான் என்று ரேடானுக்கு ஒரு தம்பி இருக்கிறான், தோரியத்திலிருந்து பிறப்பவன். அரை ஆயுள் ஒரு நிமிடத்துக்கும் குறைவு, அதனால் சுவரையும் தரையையும் விட்டு அதிக தூரம் போக மாட்டான். அமாங் நிலத்தில் இவன் பெயர் அடிபடும். வீட்டுக் கருவிகள் இவனைச் சரியாக அளப்பதில்லை, சில கருவிகள் ரேடானோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும். கருவியைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கே நான் நிலத்தைவிடக் கடைச் சரக்கைப் பார்த்துத்தான் பயப்படுவேன். 2018இல் கொரியாவில் டேஜின் நிறுவனத்தின் மெத்தைகளில், "நெகட்டிவ் அயனி" வரும் என்று மோனசைட் தூள் சேர்த்திருந்தது வெளியே வந்தது. தூங்குபவரின் மூக்குக்கு அருகிலேயே தோரானும் ரேடானும். 2021 டிசம்பரில் நெதர்லாந்து அணுப் பாதுகாப்பு அமைப்பு, 5ஜி கதிரைத் தடுக்கும் என்று விற்ற பதக்கங்களும் வளையல்களும் உள்ளிட்ட பத்துப் பொருள்களில் கதிரியக்கம் இருப்பதாக எச்சரித்தது. அயனி மெத்தை, அயனித் தலையணை, சக்திப் பதக்கம் என்று யாராவது வீட்டுக்கே வந்து விற்றால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். வாங்க வேண்டாம்.

ஆக, எந்தக் குடும்பத்துக்கு எது? மேல்மாடி கொண்டோ, அடுக்குமாடி: எதுவும் வேண்டாம். ஜன்னல் திறந்தே இருக்கும் சமநிலத் தெரஸ் வீடு, உதாரணமாக ஜெலுத்தோங் பக்கம்: ஆசை இருந்தால் ஒரு ஆல்ஃபா தடப் பதிவி, அவசரமில்லை. கிரானைட் சரிவிலோ பழைய சுரங்க நிலத்திலோ உள்ள தரை வீடு, கீழ்மாடியில் ஏர்கோன் படுக்கை: டிஜிட்டல் கருவி. அதையும் தனியாக வாங்கத் தேவையில்லை. அண்ணன் தம்பி, அக்கம்பக்கம் நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கி, வீட்டுக்கு ஒரு மாதம் என்று சுற்றவிட்டால் செலவு நாலில் ஒரு பங்கு. அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும்போது பழைய பதிவை அழித்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வீட்டு எண்ணும் கலந்து யாருக்கும் உதவாத சராசரி வரும்.

வைக்கும் இடம், தூங்கும் அறையில் படுக்கையின் உயரம். ஜன்னல், ஏர்கோன் காற்று நேராக அடிக்கும் இடம், குளியலறை, சமையலறை எல்லாம் கூடாது. வீட்டை 12 மணி நேரம் முன்பே அடைத்து வைத்துச் சோதிக்கச் சொல்லும் அமெரிக்க விதி கரி போன்ற குறுகிய காலச் சோதனைக்கானது. மாதக் கணக்கில் அளக்கும்போது நீங்கள் வழக்கமாக எப்படி வாழ்கிறீர்களோ அப்படியே இருங்கள்.

மாதச் சராசரி 100க்குக் கீழே இருந்தால் கருவியை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். 100க்கும் 300க்கும் நடுவில் வந்தால் காற்றோட்டத்தை மாற்றி மறுபடி ஒரு மாதம் பாருங்கள். கூடவே தரை வெடிப்பையும் குழாய் ஏறும் ஓட்டையையும் சிலிகான் வைத்து அடைத்துவிடுங்கள். இங்கே பெரும்பாலும் இதிலேயே வேலை முடிந்துவிடும். 300ஐத் தாண்டி, ஜன்னல் திறந்தும் இறங்காவிட்டால், படுக்கையை மாடிக்கு மாற்றுவது அன்றைக்கே செய்யக்கூடியது. அப்புறம் ஆல்ஃபா தடப் பதிவி வைத்து எண்ணை உறுதிப்படுத்திக்கொண்டு, சிலாங்கூரின் பாங்கி ஊரில் இருக்கும் மலேசிய அணுசக்தி நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். குளிர்நாடுகளில் தரைக்கு அடியில் குழாய் இறக்கி, விசிறி வைத்து மண்வாயுவைக் கூரைக்கு மேல் தள்ளிவிடுவார்கள். அதை வழக்கமாகச் செய்யும் ஒப்பந்தக்காரரை இங்கே பிடிப்பது கடினம். நல்ல பிளம்பரிடமும் சிவில் பொறியாளரிடமும் படம் போட்டு விளக்கித்தான் செய்ய வேண்டியிருக்கும்.